சன்னலோரப் பங்குதாரர்கள்

ஒதியக்குடிக்குப் பேருந்து வந்த கதையைச் சொல்லப்போகிறேன். வந்த கதை என்று வாய் தவறிச் சொல்கிறேனே தவிர, அது வந்ததைவிட வளர்ந்ததுதான் அதிகம், ஆகவே வளர்ந்த கதை என்று வைத்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தப் பேருந்தில் நூற்றுப் பதினொன்றாவது சன்னல் என்னுடையது, அதில் மூன்று மாதம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறேன், எனக்கு அது போதும்.

எங்கள் ஊரிலிருந்து பெரிய ரோட்டுக் கைகாட்டி மூன்று கிலோமீட்டர். ஆஸ்பத்திரிக்கோ, மில்லுக்கோ, மேல்படிப்புக்கோ, மாப்பிள்ளை பார்க்கவோ யார் எங்கே போவதானாலும் முதலில் அந்தக் கைகாட்டிக்கு நடந்து போய் நிற்க வேண்டும். எப்போதோ ஓர் அரசுப் பேருந்து வந்துகொண்டிருந்தது, ஒரு மழைக்காலத்தில் ரோடு சரியில்லை என்று நின்றது, ரோடு சரியான பிறகு யாரும் அதற்குத் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. விடிவதற்குள் மில்லுக்குக் கிளம்பும் பெண்கள் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு அதே மூன்று கிலோமீட்டரைத் திரும்பவும் நடப்பார்கள்.

பவளக்கொடிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. கைகாட்டிக்கு அப்பால் மில் வேனைப் பதினொரு வருஷம் ஓட்டியவள். வேன் மில்லுக்காரருடையது, டீசல் மில்லுக்காரருடையது, கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழம்கூட மில்லுக்காரர் வாங்கிக் கட்டியது. வளைவுகளில் வண்டியைத் திருப்புகிற திருப்பல் மட்டும்தான் அவளுடையது, அதை மட்டும் அவ்வளவு அழகாகத் திருப்புவாள். தனக்கென்று ஒரு மினி பஸ், ஒதியக்குடி முதல் கைகாட்டி வரை, தானே முதலாளி, தானே டிரைவர் என்பது அவள் ஆசை. நான்கு வருஷம் மனு மேல் மனு போட்டு பெர்மிட்டும் வாங்கிவிட்டாள். ஆவணி முதல் தேதிக்குள் வண்டி ஓட ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பெர்மிட் வரிசையில் அடுத்து நிற்கும் வெளியூர் முதலாளிக்குப் போய்விடும். வண்டிதான் இல்லை. கழுத்துச் சங்கிலியை விற்ற பணமும் பதினொரு வருஷச் சேமிப்பும் சேர்ந்து பாதி வண்டிக்கு வந்தது. பாதி வண்டியை யார் விற்பார்கள்? பேங்க்கில் ஜாமீனுக்கு ஆள் கேட்டார்கள், அவள் தன்னைத்தானே காட்டினாள், அவர்கள் அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் தொழிலுக்கு முதல் தேவைப்பட்டால் பேங்க்குக்குப் போகிறவன் விவரம் தெரியாதவன். விவரம் தெரிந்தவன் மொய் விருந்து வைப்பான். பந்தல் போட்டு, கிடா வெட்டி, பத்திரிகை அடித்தால் சனம் வந்து சாப்பிட்டுவிட்டு மொய் வைத்துவிட்டுப் போகும், மைக்கில் பேர் சொல்வார்கள், மறுநாள் அவன் டிராக்டர் வாங்குவான். ஆனால் மொய் என்பது வீட்டுக்கு வீடு, ஆம்பளை பேருக்கு ஆம்பளை பேர். புருஷனை விட்டுவிட்டு வந்து அண்ணன் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறவள் எந்தப் பேரில் பத்திரிகை அடிப்பாள்? இத்தனை வருஷமும் அவள் தன் சம்பளத்தில் எடுத்து வைத்த மொய்யெல்லாம் மைக்கில் அவள் அண்ணன் பேரில், "வைரக்கண்ணு வகையறா" என்றுதான் ஒலித்தது. அந்த வகையறாவுக்குள் அவள் எங்கேயோ இருந்தாள்.

கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் ஜான்சிதான் வழி சொன்னவள்.

"அக்கா, பத்திரிகை வேணாம், பந்தல் வேணாம். போன்ல ஒரு பக்கம் போட்டுடலாம். நான் இன்ன தொழில் செய்யப் போறேன், விருப்பம் இருக்கிறவங்க ஆளுக்குக் கொஞ்சம் போடுங்கன்னு கேக்குறது. கிரவுட் ஃபண்டிங்னு பேரு. உலகம் பூரா இப்படித்தான் தொழில் தொடங்குறாங்க."

"வட்டி?"

"வட்டியும் கிடையாது, திருப்பியும் கேக்க மாட்டாங்க. ஆனா போட்டவங்களுக்கு ஏதாவது ஒண்ணு செய்யணும். அவங்க மனசுக்குப் பிடிச்ச மாதிரி."

பவளக்கொடி ஊரை அறிந்தவள் அல்லவா.

"ஒரு ஆளுக்கு ஒரு சீட்டுல பேரு எழுதிடுவோம்" என்றாள்.

இதைவிடப் பொருத்தமாக எங்கள் ஊர்க்காரர்களை யாரும் கணக்குப் போட்டதில்லை. பேர் எழுதுவதாக இருந்தால் நாங்கள் எதையும் கொடுப்போம். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் மூன்று பங்காளிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த மின்விசிறி இருக்கிறது, இறக்கைக்கு ஒரு பேர். ஓடினால் பேர் தெரியாது என்று அதை இதுவரை யாரும் போட்டதில்லை, எல்லாரும் அதன் கீழே உட்கார்ந்து விசிறிக்கொள்வோம். ஆகவே ஜான்சி அந்தப் பக்கத்தைப் போட்டு, "பங்கு போடுங்க, சீட்டில் பேர் பொறிக்கப்படும்" என்று அறிவித்ததும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்.

"சன்னலோரம்தானே?"

"எல்லாமே சன்னலோரம்தான்" என்று பவளக்கொடி சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையில் வந்தது எல்லாம்.

வண்டி வாங்கினாள். இருபத்தைந்து சீட்டு மினி பஸ், பழசுதான், ஆனால் புதுப் பச்சை பெயிண்ட். பிள்ளையார் கோயில் திடலில் கைகாட்டி ரோட்டைப் பார்த்து நிறுத்தினாள். பெயிண்டர் அந்தோணிசாமி தூரிகையோடு ஏறி, சீட்டின் சாய்மானத்தில் "உபயம்" என்று போட்டு ஒவ்வொரு பேராக எழுதிக்கொண்டே வந்தார். இருபத்தைந்தும் முடிந்தது. இருபத்தாறாவது ஆளான டைலர் அயூப் பாய் தன் பேரை எங்கே எழுதப்போகிறார்கள் என்று பார்ப்பதற்காக ஏணிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். "சாப்பிட்டுட்டு வந்து யோசிப்போம் பாய்" என்று அந்தோணிசாமி இறங்கிப் போனார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் வண்டியில் இருபத்தாறாவது சீட்டு இருந்தது. பச்சை ரெக்ஸின், புது வாசனை, பக்கத்தில் ஒரு சன்னல். வண்டி ஒரு முழம் நீண்டு, அதன் மூக்கு திடலைத் தாண்டி ரோட்டில் ஏறியிருந்தது.

"காசு குடுத்தா சீட்டு வரத்தானே செய்யும்" என்றார் அயூப் பாய். அதற்கு மேல் அந்த விஷயத்தில் பேச ஒன்றும் இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை.

அதன் பிறகு தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் பார்க்காதபோது, வண்டி வளர்ந்தது. பங்கு போட்டவர்கள் பத்துப் பேர் என்றால் பத்து சீட்டு, முப்பது பேர் என்றால் முப்பது, போதிய இடம் விட்டு நடுவே ஒரு வாசல், தேவைப்படும் இடத்தில் ஒரு சோடி சக்கரம். கைகாட்டி ரோட்டின் இடது பாதியை அடைத்துக்கொண்டு அது புளியமரங்களைத் தாண்டிற்று, வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கிற்று, ரோடு வளைந்த இடத்தில் தானும் வளைந்துகொண்டது. வளர வளரச் செய்தி பரவிற்று, செய்தி பரவப் பரவத் திருப்பூரில் இருப்பவர்களும் துபாயில் இருப்பவர்களும் சிங்கப்பூரில் இருப்பவர்களும், நாற்பது வருஷமாக ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர்களும், ஊரில் தங்கள் பேர் சொல்ல ஒரு சன்னலாவது இருக்கட்டும் என்று போனிலேயே பங்கு போட்டார்கள். அந்தோணிசாமி எழுதி எழுதி வலது கை வீங்கி, இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார்.

இதில் வைரக்கண்ணுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கச்சி பஸ் ஓட்டினால் கைகாட்டியில் தலை நிமிர்ந்து எப்படி டீ குடிப்பது என்பதுதான் அவருடைய நெடுநாள் கவலை. வேன் ஓட்டியபோது அது கைகாட்டிக்கு அப்பால், நம் ஆள் யாரும் பார்க்காத இடம் என்று பொறுத்துக்கொண்டார். இப்போது ஊர் நடுவே. வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டாள் என்று தெரிந்து, எல்லாரையும்விடப் பெரிய பங்காகப் போட்டு, அவள் பெர்மிட் விஷயமாக டவுனுக்குப் போயிருந்த நாளில் அந்தோணிசாமியைக் கூப்பிட்டு, "எனக்கு இருக்கிறதிலேயே முன் சீட்டு" என்றார். அந்தோணிசாமியும் எழுதிவிட்டார். பவளக்கொடி திரும்பி வந்து பார்த்தால் டிரைவர் சீட்டின் சாய்மானத்தில் "உபயம்: மா. வைரக்கண்ணு" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணே, அது டிரைவர் சீட்டு."

"என் பேரு போட்டிருக்குல்ல? ஒரு நல்ல பையனாப் பாத்து டிரைவராப் போடுவோம். நீ முதலாளி, வீட்டுல இரு."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"இந்தா, ஓட்டிக்கிட்டுதானே இருக்கேன்!"

அது ஒருவகையில் உண்மை. வண்டி முன்பக்கமாக வளர்ந்ததால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அவர் நாளுக்கு நாள் கைகாட்டியை நெருங்கிக்கொண்டிருந்தார். எதிரே ஆடு வந்தால் ஹாரன் அடிப்பார். ஆனி மாதம் பதினாலாம் தேதி வண்டியின் மூக்கு கைகாட்டி டீக்கடை வாசலைத் தொட்டபோது, இறங்கி டீ குடித்துவிட்டு, "மூணு கிலோமீட்டர், ஒரு கீறல் இல்ல" என்று கடைக்காரரிடம் சொன்னார். இதற்கு மேல் வளர்ந்தால் பெரிய ரோட்டை மறிக்கும் என்று ஜான்சி அன்றைக்குத்தான் போனில் பங்கு கேட்ட அந்தப் பக்கத்தை மூடினாள்.

வால் கோயில் திடலில், தலை கைகாட்டியில். இனி என்ன வேண்டும்? ஊரில் வண்டிக்குள் ஏறி, நிழலில் நடந்து, கைகாட்டியில் இறங்கினோம். மழை பெய்தால் நனையவில்லை. நடுவழியில், பாலத்துக்கு மேலே, ஒரு டீக்கடை வந்தது. கூரை மேல் மூன்று கிலோமீட்டருக்கு மிளகாயும் கடலையும் காயப்போட்டோம், அக்கம் பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் மூட்டையோடு வந்து கூரையில் இடம் கேட்டார்கள். தபால்காரர் வீட்டு எண்ணை மறந்து சன்னல் எண்ணில் கடிதம் கொடுக்க ஆரம்பித்தார். காலை வெயில் பக்கத்தார் என்றும் மாலை வெயில் பக்கத்தார் என்றும் ஊர் இரண்டு கட்சியாகி, தங்கள் பக்கத்துக்குத் திரை போட வேண்டும் என்று ஆளுக்கொரு மனு எழுதி, பிறகு காலை வெயில் பெண்ணை மாலை வெயில் பையனுக்குக் கொடுத்து, கல்யாணத்தையும் வண்டிக்குள்ளேயே நடத்தி, பந்தியை இருபுறமும் உட்காரவைத்துப் பாலம் வரை இலை போட்டு சமாதானமானது. கடைசி இலைக்குச் சாம்பார் போய்ச் சேர்ந்தபோது முதல் இலைக்காரர் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்திருந்தார்.

நாங்கள் எல்லாரும் அவரவர் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான். போவதற்கு இடம் ஒன்றும் இல்லை, ஆனால் பேர் போட்ட சீட்டை விட்டுவிட்டு வீட்டில் உட்கார மனசு வரவில்லை. துபாய்க்காரர்களின் சீட்டுகளில் அவரவர் வீட்டார் துண்டு போட்டு வைத்தார்கள். மில் பெண்கள் மட்டும் நடந்தார்கள். அவர்களில் பங்கு போட வசதி உள்ளவர்கள் யாரும் இல்லை. முன்பு வெயிலில் நடந்த மூன்று கிலோமீட்டரை இப்போது இரண்டு பக்கமும் நாங்கள் உட்கார்ந்திருக்க, எங்கள் முழங்கால்களுக்கு நடுவே, நிழலில் நடந்தார்கள். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, வேர்க்கடலைத் தோலை அவர்கள் மேல் படாமல் போட்டேன், அவ்வளவுதான்.

பவளக்கொடியும் அவர்களோடு நடந்தாள். டிரைவர் வேலைக்கென்று காக்கிச் சட்டை தைத்து வைத்திருந்தாள், அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் தலையிலிருந்து வால் வரை நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னாள்.

"எல்லாரும் போய்ச் சேர்ந்துட்டீங்க. நான் இன்னும் புறப்படவே இல்ல."

"உனக்கு என்ன குறை? ஊரே உன்னைத்தானே பெருமையாப் பேசுது" என்றோம். அவள் அழவில்லை, அழுதிருந்தால் எங்களுக்கு ஆறுதல் சொல்லியாவது தப்பித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

ஆடி பிறந்ததும் வண்டியைச் சோதிக்கப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். டேப்பை எடுத்து வாலில் ஆரம்பித்து அளந்தார், பாலத்தில் டீ குடித்தார், மறுபடி அளந்தார். நீளத்துக்குத் தனியாக ஏதாவது அபராதம் இருக்கும், அதைப் பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு படிவத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அம்மா, இங்க புறப்படும் இடம்னு ஒரு கட்டம் இருக்கு, சேரும் இடம்னு ஒரு கட்டம் இருக்கு. உங்க வண்டி ரெண்டு இடத்திலேயும் ஒரே நேரத்தில நிக்குது. இது ஓடுச்சுன்னு நான் எப்படி எழுதுறது?"

"சுருக்கினா எழுதுவீங்களா சார்?"

"ஆவணி ஒண்ணு, காலையில எட்டு மணி. இங்கேருந்து கிளம்பி அங்க போகணும். அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச பஸ்."

சுருக்க என்னென்னவோ செய்து பார்த்தோம். அந்தோணிசாமி மண்ணெண்ணெய் வைத்துத் தன் சொந்தப் பேரையே அழித்தார், மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் பேர் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது. ஒருவர் பங்கைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டார், சீட்டு போகவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை. மற்றபடி பேரை விட்டுக்கொடுக்க எல்லாரும் தயாராகத்தான் இருந்தோம், முதலில் பக்கத்து சீட்டுக்காரர் கொடுக்கட்டும் என்று காத்திருந்தோம்.

ஆடி எட்டு என்று ஞாபகம். ரஞ்சிதம் என்கிற மில் பெண் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள், காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வீங்கியிருந்தது, நாலடி நடந்து நின்று, நாலடி நடந்து நின்று, அயூப் பாய் சீட்டருகே வந்து கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். தோளிலிருந்த டிபன் பை அவர் தலையில் இடித்தது. தள்ளி உட்கார்ந்தார், அங்கேயும் இடித்தது.

"அட, நின்னு நின்னு என் மண்டையை உடைக்காத தாயி. இந்தா, உக்காந்து தொலை!" என்று எழுந்துகொண்டார்.

அவள் உட்கார்ந்தாள். கால் நீட்டிக் கண்ணை மூடினாள். பத்து நிமிஷம் இருந்திருப்பாள், பிறகு எழுந்து, "ரொம்ப நன்றி பாய்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வாசலில் இறங்கினாள். அவள் கால் தரையில் பட்டதும் அயூப் பாய் சீட்டு இல்லை. சன்னலும் இல்லை. சத்தமில்லாமல் வண்டி ஒரு முழம் உள்ளே வந்திருந்தது.

பாய் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "அதோட வேலை முடிஞ்சுபோச்சு போல" என்றார்.

செய்தி இரண்டு பக்கமும் ஓடிற்று. வேறொருவருக்கு மனசார எழுந்து இடம் கொடுத்தால், அவர் உட்கார்ந்து இறங்கியதும் சீட்டு போய்விடும், பேரும் போய்விடும். பவளக்கொடி ஓடி வந்தாள், கேட்டாள், எங்கள் முகங்களைப் பார்த்தாள். யாரும் அசையவில்லை. நானும்தான். அன்றைக்குச் சன்னல் கம்பியைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் ஜான்சியைக் கூட்டிக்கொண்டு போய், மொய் விருந்துகளுக்குக் கட்டும் குழாய் ஒலிபெருக்கிகளை வாடகைக்கு எடுத்து, வண்டி நெடுக ஐம்பதடிக்கு ஒன்றாகக் கட்டினாள். மைக்கை ஜான்சி கையில் கொடுத்தாள். முதல் அறிவிப்பு இப்படி வந்தது:

"மில் தொழிலாளி ரஞ்சிதம் அவர்களுக்குத் தன் சொந்த இருக்கையை மனமுவந்து அளித்த, ஒதியக்குடியின் தங்கமான மனிதர், டைலர் அயூப் கான் அவர்களே! அவர்களே! அவர்களே!"

எதிரொலி பாலத்தைத் தாண்டிக் கைகாட்டி வரை போயிற்று. அயூப் பாய் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். எங்கள் வயிற்றில் எரிந்தது. சாய்மானத்தில் இருக்கும் பேரை உட்கார்ந்தால் நமக்கே தெரியாது, மைக்கில் வரும் பேரை மூன்று கிலோமீட்டருக்கும் கேட்கலாம்!

அன்று மாலை மில் விட்டு வந்த பெண்களை வாசலிலேயே மறித்தோம். "இங்க உக்காரும்மா", "நான் முதல்ல கூப்பிட்டேன்", "என் சீட்டுல காத்து நல்லா வரும்" என்று கையைப் பிடித்து இழுத்தோம். அவர்கள் ஒரு சீட்டில் உட்கார்ந்து, இறங்கி, மறுபடி ஏறி, அடுத்ததில் உட்கார்ந்து, வாழ்நாளில் உட்காராத அளவுக்கு உட்கார்ந்தார்கள். மில் பெண்கள் போதாமல் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை அழைத்தோம். பிள்ளைகள் போதாமல் பக்கத்து ஊருக்கு ஆள் அனுப்பி, "ஒரு நிமிஷம் வந்து உக்காந்துட்டுப் போங்க, டீ வாங்கித் தர்றோம்" என்று கெஞ்சினோம். சிங்கப்பூர்க்காரர்கள் வீடியோவில் வந்து, போனைத் தங்கள் சீட்டுக்கு எதிரே பிடிக்கச் சொல்லி, "உக்காருங்கம்மா, நல்லா சாஞ்சு உக்காருங்க" என்று கடலுக்கு அப்பாலிருந்து எழுந்து நின்றார்கள். ஜான்சிக்குத் தொண்டை கட்டிற்று, அப்போதும் நிறுத்தவில்லை.

என் சீட்டை ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். மைக்கில் பேர் வர வேண்டும் என்றுதான் எழுந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு சன்னல் வழியே வாய்க்காலைப் பார்த்த பார்வையில் என் பேரை ஜான்சி சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாளா என்று இருந்தது.

வண்டி சுருங்கிற்று. கைகாட்டியை விட்டது, வளைவை விட்டது, பாலத்தை விட்டது. டீக்கடைக்காரர் பாய்லரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கூரை மிளகாய் சரிந்து ரோடெல்லாம் சிவப்பாய்க் கிடந்தது. வைரக்கண்ணு மட்டும் ஸ்டீயரிங்கை விடாமல், தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடி ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தார். "ரிவர்ஸ் எடுக்குறதுதான் கஷ்டம். இதுவும் வந்துருச்சு எனக்கு" என்றார். கம்பெனியிலிருந்து வந்த இருபத்தைந்து சீட்டையும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது, பஸ்ஸுக்கு அது வேண்டும் என்று பவளக்கொடி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மைக்கில் பேர் வராத அந்த இருபத்தைந்து பேருக்கும் இன்றைக்குவரை அவள்மேல் வருத்தம்.

ஆவணி முதல் தேதி காலை எட்டு மணிக்குத் திடலில் ஒரு பச்சை மினி பஸ் நின்றது. இருபத்தைந்து சீட்டிலும் ஆள், நின்றுகொண்டு ஆள், வெளியே ஊர். காக்கிச் சட்டையோடு பவளக்கொடி, மைக்கோடு ஜான்சி, படிவத்தோடு பிரேக் இன்ஸ்பெக்டர். டிரைவர் சீட்டில் வைரக்கண்ணு.

"டிரைவர், வண்டிய எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர், அவரைப் பார்த்து.

வைரக்கண்ணு சாவியைத் திருப்பினார். காலை எங்கே வைத்தாரோ, வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி திருப்பினார், மறுபடி துள்ளிற்று. உள்ளே ஒருவர் தலை ஒருவர் மேல் மோதிற்று. மூன்றாம் தடவை துள்ளவும் இல்லை. அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. ஸ்டீயரிங்கைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், பிறகு தங்கச்சியைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் அவருக்கு ஒரு வழி தோன்றிவிட்டது, முகம் தெளிந்தது.

"ஜான்சி, மைக்கப் போடு" என்றார். "தங்கச்சி, வா. அண்ணன் எந்திரிக்கிறேன். உனக்காக விட்டுக்குடுக்குறேன், நீ உக்காரு."

கூட்டம் கை தட்டிற்று. நானும் தட்டினேன். ஜான்சி மட்டும் மைக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து பவளக்கொடியின் காதருகே சொன்னாள், நான் வண்டிக்குள் முன் சன்னலருகே நின்றதால் கேட்டது.

"அக்கா, வேணாம். அவர் விட்டுக்குடுத்து நீங்க உக்காந்தா, நீங்க இறங்குனதும் டிரைவர் சீட்டே இருக்காது."

பவளக்கொடி தலையாட்டினாள். அவளுக்கு அது எங்களைவிட முன்பே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். டிரைவர் கதவருகே போய் நின்றாள். பிறந்ததிலிருந்து அண்ணனை நீ என்று பேசியவள், அன்றைக்கு முதல் தடவையாக, பயணியிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"நீங்க எனக்கு ஒண்ணும் விட்டுக்குடுக்க வேணாம். இது டிரைவர் சீட்டு. பயணிங்க இதுல உக்காரக் கூடாது. இறங்கி, பின்வாசல் வழியா ஏறி, டிக்கெட் எடுங்க."

மைக்கைப் பொத்தியிருந்த ஜான்சியின் கை எப்போதோ விலகியிருந்தது. குழாய்கள் எல்லாம் அதைத் திருப்பிச் சொல்லின.

"இன்ஸ்பெக்டர் சார், என் பேரு போட்டிருக்கு பாருங்க" என்றார் வைரக்கண்ணு.

"பேரு எங்க வேணா இருக்கட்டுங்க. லைசென்ஸ் யார்கிட்ட இருக்கு?"

வைரக்கண்ணு இறங்கினார். வண்டியைச் சுற்றிக்கொண்டு, எல்லாரும் பார்த்திருக்க, நீளம் குறைந்த அந்த வண்டியின் பின்வாசலுக்கு நடக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. ஏறினார். கண்டக்டராக நின்ற ஜான்சியிடம் பத்து ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினார். உட்கார இடம் இல்லை. வழக்கமாக அவர் வந்தால் நாலு பேர் எழுந்திருப்பார்கள், அன்றைக்கு யாரும் எழவில்லை, எழுந்தால் சீட்டு போய்விடும். ஒருவரை ஒருவர் ஒதுக்கி வழிவிட்டு அவரை முன்னுக்குத் தள்ளினோம், டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே போய் நின்றார்.

பவளக்கொடி ஏறி உட்கார்ந்தாள். சாய்மானத்தில் அவர் பேர் அப்படியே இருந்தது, அதை அவள் துடைக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை, அதன்மேல் நன்றாக முதுகைச் சாய்த்துக்கொண்டாள். சாவியைத் திருப்பினாள். மேலே இருந்த கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி, அதில் தெரிந்த அண்ணன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அண்ணே, கம்பியப் புடிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு முதல் கியரைப் போட்டாள்.